பங்களாத் தண்ணீர்

என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நானும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்குக் குடிக்கிற தண்ணீருக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு வெறி. நல்லவள் என்று பெயர் எடுப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெயர் எனக்குக் கிடைக்காது என்பது எப்போதோ தெரிந்துபோனது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. மேலே தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா, அதற்குக் கீழே தேயிலை ஃபெக்டரி, அதற்கும் கீழே வரிசை வரிசையான காம்பராக்களில் நாங்கள் குடியிருக்கிற லயங்கள். பங்களாவுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் கட்டிய ஒரு கருங்கல் தண்ணீர்த் தாங்கி உண்டு. காட்டு ஓடைத் தண்ணீர் அதில் நிறைந்து பங்களாவுக்குப் போகும். ஒரு காலத்தில் லயத்து ஜனங்களுக்கு அதில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாதாம். அவர்களுக்குப் பீலிதான். மலை இடுக்கில் கசிகிற ஊற்றில் ஒரு தகரத்தை வளைத்துச் சொருகியிருப்பார்கள், அதிலிருந்து கொட்டுவதுதான் பீலித் தண்ணீர். மழைக்குக் கலங்கும். வெயில் காலத்தில் நூல்மாதிரி ஒழுகும்.

அந்த நிலையை மாற்றியவர் என் மாமனார். தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஒரு வெயில் காலத்தில் பீலி வற்றி, லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்ட சமயத்தில், பங்களாப் பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு, "தொரை குடிக்கிற தண்ணியத்தான் நாங்களும் குடிப்போம்" என்று வேலையை நிறுத்திவிட்டார். ஒருவரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. கொழுந்து முற்றி வீணானது. அடுப்பில் பூனை தூங்கியது. கடைசியில் கம்பெனி இறங்கிவந்து, பங்களாத் தாங்கியிலிருந்து லயங்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தது.

அன்றிலிருந்து பங்களாத் தண்ணீருக்கு எங்கள் தோட்டத்தில் தனி மவுசு. வேறு தோட்டத்தில் பெண் கேட்கப் போனால், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்வதற்கு முன்பே "எங்க லயத்துல பங்களாத் தண்ணிங்க" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். என் அம்மாவும் அதில்தான் மயங்கினாள். மாரியம்மனுக்கு அபிஷேகம் செய்ய அதே தண்ணீர், செத்தவர்களைக் குளிப்பாட்டவும் அதே தண்ணீர். எங்கள் ஆட்கள் துரையை ஆயிரம் ஏசுவார்கள். ஆனால் துரை வாயில் வைக்கிற எதையும் ஏச மாட்டார்கள். அவன் குடிக்கிறான் என்றால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. என் மகளும் அங்கேதான் வளர்ந்தாள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். வீட்டில் நானும் மகளும் மாமாவும்தான். அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துபோய்விட்டார்.

நாலு வயதாகியும் மகளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அம்மா, தா, வேணாம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். முகம் வெளிறிக்கொண்டே போனது. பூச்சி மருந்து கொடுத்தேன், மந்திரித்துக் கயிறு கட்டினேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கிருந்த டொக்டரம்மா இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னை உட்காரவைத்து, பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் பழைய பெட்டரி உடைக்கிறார்களா, சுவரில் பெயின்ட் உரிகிறதா, கண்ணுக்கு என்ன மை போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"தண்ணி எங்கருந்து வருது?"

"பங்களாத் தண்ணிங்க டொக்டர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "அதையும் நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன்."

"கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த அதோட வீரியம் கூடத்தான் செய்யும்" என்றார் அவர்.

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். மடுவத்துக் குழாயிலும் பீலியிலும் தண்ணீர் பிடித்தார். பிறகு மேலே போய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். நானும் கூடவே போனேன். உட்பக்கத்துப் பாசியைச் சுரண்டினால் கீழே சாம்பல் நிறத்தில் தகடு. அடியிலிருந்து விளிம்புவரை ஈயத் தகடு அடித்திருந்தது. தண்ணீர் கசியாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். மலைத் தண்ணீர் அந்தத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு கீழே இறங்குகிறது என்றார். சில வாரம் கழித்து ஃபோனில் முடிவைச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மேல், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பீலியில் ஈயம் இல்லை, கிருமி உண்டு, கொதிக்கவைத்துக் குடிக்கலாம். அவர் அதைத் தோட்டத்துக்கு அறிவித்தார். தோட்டம் கம்பெனிக்கு அறிவித்தது. கம்பெனி கொழும்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தது.

நான் யோசிக்கவில்லை. முடிவு கேட்ட மறுநாளே மடுவத்துக் குழாயைத் துணியால் கட்டிவிட்டு, பீலியிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து கொதிக்கவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தாய்மாரிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளைப் பதுளைக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்கச் சொன்னேன். ஒருநாள் வேலை போய்விடுமே என்றார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். பக்கத்துக் காம்பரா அக்காதான் வாயைத் திறந்தார். நான் பிள்ளை பெற்றபோது எனக்குப் பிரசவக் காய மருந்து இடித்துக் கொடுத்தவர் அவர்.

"ஒம் புள்ளைக்குப் பேச்சு வரலேன்னா அதுக்கு எங்க தண்ணிய கொற சொல்லுவியா? ஒங்க வம்சத்துல யாருக்கு இருக்குன்னு பாரு."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

துரை என்னை ஆபீசுக்கு அழைத்தார். அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கண்டியில் வைத்துவிட்டுத் தனியாக இருக்கிற மனிதர். "நானும் இந்தத் தண்ணிதான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒங்க புள்ளைங்களும் இங்க வந்து குடிச்சா தெரியும்ங்க" என்றேன்.

அதோடு மடுவத்து வேலை போனது. என்னைக் கூடையை மாட்டச் சொல்லி மலைக்கு அனுப்பினார்கள். மடுவத்துக் குழாயில் நான் கட்டிய துணியை அன்றைக்கே அவிழ்த்தார்கள். என் மகளை இனி அங்கே விட முடியாது. மாமா வீட்டில்தான் இருந்தார், அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். கணவரோ ஃபோனில், "அப்பா மானத்த வாங்காத" என்றார். அவருக்கும் அதுதான் கவலை.

மாமாவுக்கு என்மேல் இருந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "ஈயம் பூசுன சட்டியிலதான் நாங்க ஆக்கித் தின்னு வளந்தோம். ஒண்ணும் ஆகல. இது பட்டினி கெடந்து வாங்குன தண்ணி புள்ள. நீ வந்து வெஷம்னு சொல்ற" என்றார். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறு, இது வேறு என்று டொக்டரம்மா சொன்னதை அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. சரி, நீங்கள் குடிப்பதைக் குடியுங்கள், பிள்ளைக்கு மட்டும் இதைக் கொடுங்கள் என்று, விடியற்காலையில் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஒரு பெரிய போத்தலில் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் போத்தல் காலியாக இருக்கும். கூடையை இறக்கிவைத்ததும் முதலில் அந்தப் போத்தலைத்தான் பார்ப்பேன். அப்பாடா என்று இருக்கும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போனபோது மாமாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈயம் குறையவில்லை, முன்னைவிடக் கூடியிருக்கிறது என்றார் டொக்டரம்மா.

"இன்னும் அந்தத் தண்ணியத்தான் குடுக்கிறீங்களா?"

"இல்லங்க டொக்டர், சத்தியமா இல்ல" என்றேன். மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப்போய், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வதுபோலக் குனிந்திருந்தார். டொக்டரம்மாவும் கவனித்துவிட்டார்.

"தாத்தா, இது புள்ளையோட மூளைக்குப் போற விஷம். பெரியவங்களுக்கு மெல்லத்தான் தெரியும். இவளுக்கு இப்பவே ஏறுது" என்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரை நிறுத்திக் கேட்டேன். கலங்கிய பீலித் தண்ணீரைக் குடித்தால் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று பயந்து, போத்தலில் இருந்ததைத் தினமும் பீன்ஸ் கொடிக்கு ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாராம். "நல்ல தண்ணி குடிக்கட்டும்னுதான்" என்றார். பிள்ளை அவருடைய தோளில் இருந்ததால்தான் நான் கையை ஓங்கவில்லை. அன்று பஸ்ஸில் அவர் ஒரு சீட்டில், நானும் மகளும் வேறு சீட்டில்.

இந்த மனிதருக்கு இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன். மறுநாள் காலைப் பெரட்டில்தான் அவரை முழுதாகப் பார்த்தேன். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் களத்தில் கூடி, யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொள்கிற இடம். அன்று துரையே வந்திருந்தார். சுகாதாரப் பகுதியிலிருந்து மறுபடி கேட்டிருப்பார்கள் போல.

"இந்தத் தண்ணி சரியில்லன்னு ஒரு ஆள் சொல்றாங்க. சரியில்லன்னா நான் இன்னைக்கே கேட்வால்வ மூடுறேன். எல்லாரும் பீலிக்குப் போங்க. வேணும்னா தொறந்து விடுறேன். நீங்களே முடிவு சொல்லுங்க" என்றார்.

நான் கூடையோடு முன்னால் போனேன். "தண்ணி வேணாம்னு நான் சொல்லலீங்க. தாங்கிய மாத்துங்கன்னுதான் சொல்றேன்."

"அது கம்பெனி முடிவு. இப்ப மூடவா, தொறக்கவா? அத மட்டும் சொல்லுங்க."

கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். விஷமுள்ள குழாய் வேண்டுமா, குழாயே வேண்டாமா என்று கேட்டால் எவள் என்ன சொல்வாள்? அந்தச் சமயத்தில் மாமா எழுந்தார். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவர், அன்றைக்கென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இது நல்ல தண்ணி. நம்ம போராடி எடுத்த தண்ணி. மூடக் கூடாது" என்றார்.

டொக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. அந்த வாயால்தான் சொன்னார். களத்தில் இருந்த கையெல்லாம் மேலே போனது. பக்கத்துக் காம்பரா அக்கா இரண்டு கையையும் தூக்கினார். துரை சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். எனக்கு அழுகை வரவில்லை. இவர்கள் எல்லோரும் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று பிள்ளையைக் கூடவே மலைக்குக் கொண்டுபோனேன். கங்காணி ஏசினார், கண்டுகொள்ளவில்லை. மறுநாள் வெளிச்சம் வரும்போதே, தூங்குகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். அவளை இனி அவரிடம் ஒரு நிமிடம் விடுவதாக இல்லை. வழக்கமாக அந்தப் பாதையில் என்னைத் தவிர ஈ காக்கை இருக்காது. அன்றைக்கு எனக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் கேனும் குடமுமாக நின்றிருந்தார்கள். நேற்றுக் கை தூக்கியவர்கள். என்னைக் கண்டதும் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பக்கம் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்னக் குடத்தோடு அந்த அக்கா.

"யாருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

அவர் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். நான் விடவில்லை, மறுபடி கேட்டேன்.

"சின்னவனுக்கு" என்றார்.

மற்றவர்களும் அதற்குத்தான் வந்திருந்தார்கள். கைக்குழந்தைக்கு, மகள் வயிற்றுப் பிள்ளைக்கு. என்னை நம்பியிருக்கிறார்கள். என்னை நம்பிக்கொண்டேதான் களத்தில் எனக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறார்கள். நம்பாமல் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. நேராகப் போய், பீலிக்கு முன்னால் கிடந்த கல்லில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து தூக்குன கையில ஒண்ணும் இங்க தண்ணி புடிக்காது. பெரட்டுல போய் வாயத் தொறந்து சொல்லிட்டு வந்து புடிங்க."

"பீலி என்னா ஒங்க அப்பன் வீட்டு சொத்தா?" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழாய மூடிட்டா திரும்ப வராது புள்ள. பெரியவங்க நாங்க என்னத்தயோ குடிச்சிட்டுப் போறோம். இதுகளுக்கு மட்டும் இங்கருந்து கொண்டு போறோம். அதையும் நீ கெடுக்காத" என்றார்.

"மடுவத்துல இருக்கிற புள்ளைங்க அந்தக் கொழாய்லதான குடிக்குதுங்க? பகல் பூரா குடிக்குதுங்க. ஒங்க சின்னவனுந்தான்" என்றேன்.

பீலி என் முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. என் சேலை நனைந்து குளிர் எடுத்தது. எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம் கேட்டது. மாமா. கையில் வெள்ளைக் கேன். அந்தப் பெண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் முடியவில்லை, மேலே வரவும் முடியவில்லை. பாதை விட்டு விலகி நின்ற பெண்கள் அவரையும் கேனையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"யாருக்குங்க மாமா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கிறமாதிரித்தான் கேட்டேன். வயதானவர், தலைவர், மாமனார் என்று ஒரு மண்ணையும் நான் பார்க்கவில்லை.

"புள்ளைக்கு."

"கொழாய்லதான் நல்ல தண்ணி வருதே."

அவர் கேனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பெரட்டுல சொல்லுங்க. சொல்லிட்டு வந்து புடிங்க. அது வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் என் மடியில் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலிக் கேனோடு களத்துக்கு இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். துரை வந்திருக்கவில்லை, கிளாக்கர் ஐயா பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா அவரைக் கையமர்த்திவிட்டுப் பேசினார். குரல் எழும்பவே இல்லை.

"நேத்து நல்ல தண்ணின்னு சொன்னேன். பொய்யி. ஆஸ்பத்திரில டொக்டர் சொன்னத காதால கேட்டுட்டு வந்துதான் சொன்னேன். எம் பேத்திக்கு என் கையாலயே குடுத்துட்டேன். நீங்க குடுக்காதீங்க. தாங்கிய மாத்துற வரைக்கும் யாரும் மலைக்குப் போகாதீங்க."

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்று ஒரு கொழுந்தும் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அந்த வாரத்துக்குள் லயத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. சில மாதத்தில் கருங்கல் தாங்கியை விட்டுவிட்டு, ஓடையிலிருந்து நேராகப் புதுப் பிளாஸ்டிக் தாங்கிக்கும் அங்கிருந்து லயத்துக்கும் குழாய் போட்டார்கள். யோசித்துக்கொண்டிருந்த கம்பெனிக்குக் கொழுந்து நின்றதும் உடனே முடிவு வந்துவிட்டது. இப்போது தோட்டத்தில் தலைவர் தண்ணீர் கொண்டுவந்த கதையை இரண்டு தரம் கொண்டுவந்த கதையாகச் சொல்கிறார்கள். பீலிக்கு முன்னால் உட்கார்ந்தவளைக் கேட்டால் வாய்க்காரி என்பார்கள்.

மகளின் இரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது. உடம்பில் ஏறியதை இறக்கலாம், அது அங்கே செய்துவிட்டுப் போனதைத் திருப்ப முடியாது என்று டொக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறாள். எழுத்து மட்டும் தலையில் நிற்பதில்லை. மாமாதான் தினமும் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். நான் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் சிலேட்டில் 'ம' எழுதி, "இது என்னா கண்ணு?" என்று கேட்டார். அவள் உற்றுப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். தெரியாது என்று தலையாட்டினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலை முழுக்க அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஓர் எழுத்தைத்தான்.